நிறம் மாறாத இழை

ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறையில் எந்தப் பெண்ணுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தாலும், அது அடைக்கலமேரியின் கையில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டுத்தான் இடுப்புக்குப் போகும். கள்ள நோட்டு நடமாட ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான். பாங்கிலிருந்து ஒரு தம்பி ஏலக்கூடத்துக்கு வந்து, எப்படிப் பார்ப்பது என்று எல்லோருக்கும்தான் சொல்லிக் கொடுத்தார். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் உலை வைத்ததும் மறந்துவிட்டார்கள். மேரி மறக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் பேச ஆள் கிடையாது. கேட்டதையெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு வேலை.

"மேரிக்கா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று பக்கத்தில் மீன் விற்கும் சுகுணா நீட்டுவாள். மேரி முந்தானையில் கையை நன்றாகத் துடைப்பாள். மீன் ஈரத்தோடு தொட்டால் எல்லா நோட்டும் ஒன்றுதான். ஓரத்துக் கோடுகளைத் தடவுவாள்; சொரசொரப்பாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெள்ளை இடத்தில் காந்தி தெரிகிறாரா என்று பார்ப்பாள். கடைசியாக நோட்டைச் சாய்த்து, நடுவில் ஓடும் பச்சை இழையைப் பார்ப்பாள். நீலமாக மாறினால் "நல்ல நோட்டுதான், வையி" என்பாள். மாறாவிட்டால் பேசாமல் திருப்பிக் கொடுப்பாள். மேரி சொன்னால் துறையில் மறுபேச்சு இல்லை. அதற்காக ஒரு டீ வாங்கிக் கொடுத்தவர்களும் இல்லை.

ஊரார் நோட்டையெல்லாம் பார்த்தவள், தன் வீட்டில் இருந்த ஒரு நோட்டை மட்டும் பார்க்கவில்லை.

அது அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து கொடுத்தது. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர் அவர். ஒவ்வொரு முறை கடலுக்குக் கிளம்பும்போதும் அவள் கையில் ஒரு நோட்டை வைத்துவிட்டுத்தான் படி இறங்குவார். அவர் கரைக்கு வரும்வரை அதை மாற்றக் கூடாது. வந்த அன்றைக்கு அதில் கறி எடுத்துக் குழம்பு வைக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டு வழக்கம் அது. நோட்டை மாற்றாமல் வைத்திருக்கிறவரை மனுஷர் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார் என்பது மேரியின் நம்பிக்கை. தை மாதம் போனவர் ஆடி பிறந்தும் வரவில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படைக்காரர்கள் படகோடு பிடித்துக்கொண்டு போய், அக்கரையில் சிறையில் வைத்திருக்கிறார்கள். நோட்டு அந்தோணியார் படத்துக்குப் பின்னால் இருந்தது. அரிசிக்கு அல்லாடிய வாரத்தில்கூட அவள் அதைத் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து படத்தைத் துடைக்கும்போது நோட்டு நழுவிக் கீழே விழுந்தது. எடுத்த கை, பழக்கதோஷத்தில் ஓரத்தைத் தடவிவிட்டது. வழவழவென்று இருந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்தாள். எப்படிச் சாய்த்தாலும் இழை பச்சையாகவே இருந்தது.

இதை யாரிடம் சொல்வாள்? பாங்கில் கொடுத்தால் முத்திரை குத்தி வைத்துக்கொள்வார்கள், திரும்பி வராது. சுகுணாவிடம் வாயைத் திறந்தால், கூட்டத்தோடு கூட்டமாக யார் தலையிலாவது கட்டிவிடச் சொல்வாள். ஐந்நூறு ரூபாய் போனால் போகட்டும். இத்தனை மாதம் காத்துவந்தது வெறும் காகிதம் என்றால், அவர் திரும்பி வருவார் என்பதற்கு வேறு என்ன பிடிமானம் இருக்கிறது? அன்று அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அந்தோணியாரிடமும் முகம் கொடுக்காமல் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் சவரிமுத்துவின் குரல். சிறையில் பேச விட்டிருக்கிறார்கள். மேரி கூடையைச் சுகுணா பக்கம் தள்ளிவிட்டு ஐஸ் பிளான்ட் சுவரோரம் ஓடினாள்.

"மேரி, சாப்டியா?"

"சாப்ட்டேன். ஒங்களுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கேன். பேச நேரமில்ல, ஒண்ணு சொல்லு. அந்த நோட்ட மாத்திட்டியா?"

"நீங்க வராம எப்படி மாத்துவேன்?"

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "மாத்திராத புள்ள, போலீசு கேசாயிரும். அது கள்ள நோட்டு. எவனோ என்கிட்ட தள்ளிவிட்டுட்டான். குடுக்கும்போதே எனக்குத் தெரியும். வேற காசு இல்ல. ஒன் கையில ஒண்ணும் வைக்காம எறங்க மனசு வரல. ஒன்னய ஏமாத்திட்டு வந்தேன், அதான் ஆண்டவரு என்னய இங்க கொண்டாந்து போட்டுட்டாரு. இனி கரைக்கு வருவேன்னு எனக்குத் தோணல மேரி."

கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்தால் தோளைத் தொட்டிருப்பாள். கையில் போன் மட்டும்தான் இருந்தது.

"யாரு சொன்னா கள்ள நோட்டுன்னு?" என்றாள். "இங்க எல்லாரு நோட்டையும் நான்தான் பாத்துச் சொல்றேன். ஒங்க நோட்டையும் வெயில்ல சாச்சுப் பாத்தேன். இழை நீலமா மாறுச்சுங்க. நல்ல நோட்டுதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நீங்க வந்து கறி எடுத்துக் குடுங்க."

"வாரேன்" என்றார். லைன் போய்விட்டது.

மேரி திரும்பி வந்து கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஏலக்காரர் அடுத்த குவியலுக்கு விலை கூவிக்கொண்டிருந்தார். யார் போனில் என்று சுகுணா கேட்கவில்லை. அவள் அவசரம் அவளுக்கு. அப்போதுதான் வாங்கிய ஐந்நூறு ரூபாயை நீட்டினாள்.

"மேரிக்கா, நல்லதான்னு பாத்துச் சொல்லுங்க."

மேரி முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னைக்கு என்னயக் கேக்காத, சுகுணா."