பரோபகாரியின் திருத்தம்

எங்கள் மென்பொருள் குழுவில் ஒரே ஒரு ஒப்பந்தம்தான். அவரவர் எழுதும் பகுதி அவரவருடையது. அடுத்தவர் அதில் கை வைப்பதானால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினோம். பரோபகாரியும் ஆட்டினார், கொஞ்சம் பலமாகவே.

அது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். கேட்டவருக்குச் செய்வார், கேட்காதவருக்கு இன்னும் அதிகமாகச் செய்வார். என் தலையெழுத்து, அடுத்த மேசை அவருடையது.

பயணச்சீட்டை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தரும் பகுதியை நான் எழுதினேன். அதைப் பார்த்துத்தான் என் வேலையை நிரந்தரமாக்குவார்கள். ஆக்கினால் இரண்டு அறை வீடு பிடிக்கலாம். தம்பி வீட்டுக் கூடத்தில் சோபாவில் படுக்கும் அம்மாவைக் கூட்டி வரலாம். எப்போது என்று அம்மா கேட்பதில்லை. கேட்காததுதான் வலிக்கும்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. மேலாளர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் இருக்கும். என் பகுதி முழுக்கப் பரோபகாரியின் பெயர்.

"இதுல உங்க வேலை எதும்மா?"

வெளியே வந்து பரோபகாரியைக் கேட்டேன்.

"ஒண்ணும் மாத்தலம்மா. வரியெல்லாம் கோணல்மாணலா இருந்துச்சு, இடைவெளி விட்டு நேராக்கினேன். அவ்வளவுதான்."

"கேட்டிருக்கலாம்ல அண்ணா? பேசி வச்சதுதானே?"

"தங்கச்சிகிட்ட என்னத்தக் கேக்கறது?"

பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, நான் எழுதியதற்கான பழைய பதிவுகள் அழியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றை மேலாளரிடம் நானே காட்டிக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்க எதுவும் பேச வேணாம்ணா."

தலையாட்டினார், அதே பலத்தோடு.

நான் சாப்பிட்டுத் திரும்பியபோது அவர் மேலாளர் அறையிலிருந்து சிரித்தபடி வந்தார்.

"பேசிட்டேன்மா! சின்னப் பொண்ணு, நல்லாத்தான் எழுதுது, இனிமே நான் கூட இருந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இருக்கக் கூடாதா இந்த மனிதர்! உள்ளே ஓடினேன். மேலாளர் பதிவுகளைத் திறக்கக்கூட விடவில்லை.

"அதான் அவரே சொல்லிட்டாரே. இன்னும் ஆறு மாசம் போகட்டும், பாக்கலாம். அதுவரைக்கும் அந்தப் பகுதி அவர் பொறுப்பு. இப்படி ஒரு ஆள் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? என் மேசைக்கு வந்து, என் பகுதியில் ஒரே ஒரு வரியைத் திருத்திச் சேமிக்கப் பார்த்தேன். முடியவில்லை. பரோபகாரியின் அனுமதி வேண்டுமாம்.

அடுத்த மேசையிலிருந்து அன்பாகவே குரல் வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யக் கூடாதாம்மா?"