சிந்தியா ரூல்

சிந்தியாவுக்கு ஓஸ்வால்ட் மேல் மாதக்கணக்காகக் கோபம். விளையாட்டில் தோற்ற கோபம் என்று அவன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். தோற்பதெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. பதினோரு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் பார்க்காத தோல்வியா? நாலு பேர் நடுவில் பொய்க்காரி என்று பெயர் வாங்கியதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜோகுபாளையத்தில் ஓஸ்வால்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் போர் விளையாட்டை விரிப்பார்கள். அவன் அண்ணன் கனடாவிலிருந்து கொண்டுவந்தது. அறுகோணக் கட்டம் போட்ட ஊர் வரைபடம், வீரர்களுக்கு அட்டைச் சில்லுகள், இரண்டு பகடை. தாக்குகிறவர் படையைக் கட்டம் கட்டமாக நகர்த்தும்போதே காப்பவர் குறுக்கே சுடலாம். ஆனால் ஒரு தடவை சுட்ட துப்பாக்கி அதே நகர்வில் மறுபடி சுட வேண்டுமானால் எதிரி 'கிட்டத்தில்' இருக்க வேண்டும். கிட்டம் என்றால் எத்தனை கட்டம்? விதிப்புத்தகம் அதைச் சொல்லவே இல்லை.

ஒட்டியிருக்கிற கட்டம் மட்டும்தான் கிட்டம் என்றாள் சிந்தியா. ஆறு கட்டம் வரைக்கும் கிட்டம்தான் என்றான் ஓஸ்வால்ட். வீடு அவனுடையது, புத்தகம் அவனுடையது. அதனால் காப்பவனும் எப்போதும் அவன்தான். தெருமுனை வீட்டு மாடியில் ஓர் இயந்திரத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, தெருவில் கால் வைத்தவர்களை எல்லாம் கட்டத்துக்குக் கட்டம் சுட்டுத் தள்ளுவான்.

"உனக்குத் தோதா ரூல் அடிச்சி உடுறியே சிந்தியா" என்று ஒரு நாள் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். அன்றிலிருந்து யார் எதை இட்டுக்கட்டினாலும் அதற்குச் 'சிந்தியா ரூல்' என்று பெயர் வைத்துவிட்டான். ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்டால் சிந்தியா ரூல். கோயில் குவயர் பாடகர் குழுவில் யாராவது தாளம் தப்பினால் அதுவும் சிந்தியா ரூல்.

அவள் விளையாட்டு கம்பெனிக்கே எழுதிக் கேட்டாள். யெஸ், நோ என்று டிக் அடிக்கிற மாதிரி கேள்வி இருக்க வேண்டும், பதிலுக்கு விலாசம் எழுதிய கவரும் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. கூட விளையாடுகிற நாராயணசாமி ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். வெளிநாட்டுப் பதிலுக்கான தபால் கூப்பனை அவர் வாங்கித் தந்தார். அவள் அப்போது தொம்மலூரில் வீடு மாறிக்கொண்டிருந்தாள். அதனால் கவரின் மேல் ஓஸ்வால்டின் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதினாள். அவள் செய்த முட்டாள்தனம் அது ஒன்றுதான்.

பதில் வரவில்லை. "அமெரிக்காக்காரன் உனக்கெல்லாம் பதில் போடுவானா?" என்று ஓஸ்வால்ட் மாதாமாதம் உச்சுக் கொட்டினான்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. பாதி ஆட்டத்தில் சிந்தியா புகைக்குண்டுச் சில்லுகளைக் கேட்டாள். ஓஸ்வால்டின் மனைவி மௌரீன் அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள்.

"டப்பா ஒடஞ்சி எல்லாம் கீழ கொட்டிக் கெடந்துச்சி. இவரு டிராயர்ல இந்தக் கவர் இருந்துச்சா, அதுல போட்டு வச்சேன்."

கவரின் மேல் சிந்தியாவின் கையெழுத்து. மூலையில் அமெரிக்கத் தபால்தலை.

"சார், சீல்ல என்னா தேதி?" என்று அதை நாராயணசாமியிடம் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "மார்ச் பன்னெண்டும்மா."

அவள் கவரை வரைபடத்தின் மேல் கவிழ்த்தாள். சில்லுகளோடு நாலாக மடித்த தாளும் விழுந்தது. அவளுடைய கேள்வி. யெஸ்ஸில் டிக். கீழே நீல மையில் ஒரு வரி: ஒட்டிய கட்டம் மட்டுமே.

ஓஸ்வால்டின் முகம் செத்துப்போனது. "காட்டலாம்னுதான் இருந்தேன்... விடு சிந்தியா. வெறும் கேம்தானே."

"வெறும் கேம்னா எதுக்கு ஒளிச்சி வச்ச?" அவள் மேசையில் அறைந்த அறையில் இரண்டு பேர் படையும் பாதி கவிழ்ந்தது. "ஏழு மாசம்! குவயர்ல இருக்கற பொடுசுங்ககூட என்னப் பாத்து சிரிக்குதுங்க. வாராவாரம் பூசைல எல்லாரும் சமாதானம் சொல்லிக்கறப்ப என்னக் கும்பிட்டியே, அப்பகூட உன் மனசு உறுத்தலியா?"

"என்னாங்க இது?" என்றாள் மௌரீன். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் சிந்தியாவுக்கு முதலில் தோன்றியது. போனால் அதையும் ஒரு சிந்தியா ரூல் ஆக்கிவிடுவான். கவிழ்ந்த சில்லுகளை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் நிமிர்த்தி வைத்தாள். அவனுடையதையும் வைத்தாள்.

"உக்காரு. என் டேர்ன்."

தன் படையைத் தெருவில் இறக்கினாள். ஓஸ்வால்ட் பகடையை உருட்டினான். குறி தப்பியது. அவள் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள். பழக்க தோஷத்தில் அவன் கை மறுபடி பகடைக்குப் போனது. நாராயணசாமி அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"அது கிட்டம் இல்ல ஓஸ்வால்ட்."

மூன்றாவது கட்டம். நான்காவது. ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் இவ்வளவு தூரம் வந்ததில்லை. அவனுடைய வீட்டுச் சுவரை ஒட்டிய கட்டத்தில் படையை நிறுத்தினாள். நாராயணசாமியின் கைக்கடியிலிருந்து பகடையை எடுத்து ஓஸ்வால்டின் முன்னால் வைத்தாள்.

"இப்ப சுடலாம், சுடு. இதுவும் சிந்தியா ரூல்தான்."

அவன் பகடையைத் தொடவில்லை.