கிளச் இல்லாத மிசின்

லொறி மண்டைதீவுச் சந்தியைத் தாண்டிவிட்டது என்று அன்ரனிதாஸ் போன் எடுத்துச் சொன்ன நேரம், சறோஜினிதேவி கட்டிலில் இருந்தபடி காலை மாட்டிக்கொண்டிருந்தாள். இடக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வன்னியில், கடைசி நாட்களில், ஒரே பங்கருக்குள் இருந்த புருசன் சிவநேசனையும் மகன் சுலக்சனையும் கொண்டுபோன ஷெல், அவளிடம் அந்தக் கால் ஒன்றோடு திருப்திப்பட்டுவிட்டது. அதைப் பற்றி அவள் ஊரில் யாரிடமும் அதிகம் கதைப்பதில்லை. பொய்க்காலின் பட்டியை இறுக்கி, எழுந்து நின்று, இரண்டு அடி நடந்து பார்த்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள்.

முற்றத்தில் அத்தான் மார்க்கண்டு ஏற்கெனவே வந்து நின்றார். சிவநேசனின் தமையன், அடுத்த வளவுக்காரர். கையில் ஒரு சொப்பிங் பை.

"என்ன பிள்ளை, லொறி வருகுதாமே? நீர் பேசாமல் கதிரையில இரும். கியர் மிசின் எது, விளையாட்டுச் சாமான் எது எண்டு நான் பாத்துச் சொல்லுறன்."

"நீங்கள் பாருங்கோ அத்தான். ஆனா ஏறி ஓடப்போறது நான்."

"ஓம் ஓம்," என்றார் மார்க்கண்டு, குழந்தைக்குத் தலையாட்டுவது போல.

கனடாவில் இருக்கும் தங்கை கிருசாந்திதான் சின்ன உழவு இயந்திரம் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னவள். சொன்னதோடு ஒரு நிபந்தனையும் வைத்தாள். "அக்கா, நீ ஏறி ஓடுறதெண்டால் வாங்கித் தாறன். உன்னைப் படலையடியில இருத்திப்போட்டு வேற ஆக்கள் ஓடுறதுக்கெண்டால் ஒரு சில்லும் வாங்கித் தரமாட்டன்." தங்கையின் நிபந்தனை அக்காவுக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. அவளால் ஓட ஏலாது என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டால், புரட்டாதி மழைக்கு முன் காணி அத்தானின் கைக்குக் குத்தகையாகப் போய்விடும். போனால் அவர் ஆழ உழுவார்.

அதுதான் அவளுடைய பயமெல்லாம். சுருவில் என்ற அந்தத் தீவூரில் மண் ஒரு சாண் ஆழந்தான். அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல்; கல்லுக்குக் கீழே உவர். மார்க்கண்டு தன் காணிக்குப் பட்டணத்திலிருந்து பெரிய உழவு இயந்திரம் பிடித்து வந்து, கொழுவை அடிவரைக்கும் இறக்கி உழுவித்தவர். "ஆழ உழுதால் அள்ளி விளையும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கல்லுத்தான் அள்ளி விளைந்தது. இப்போது அந்தக் காணியில் உவர் நிலத்தில் முளைக்கும் உமரிச் செடி மட்டும் சிவந்து படர்ந்து கிடக்கிறது. பிழை மழையில் என்று அவர் இன்னும் நம்புகிறார்.

லொறி வந்தது. அன்ரனிதாஸ் முன்னாலிருந்து குதித்தான். மண்டைதீவுப் பிள்ளை; குடும்பம் கடற்தொழில், இவன் மட்டும் பட்டணத்துக் கடையொன்றில் மிசின் விற்கிறவன். இரண்டு உழவு இயந்திரங்களைப் பலகை வைத்து இறக்கினான். ஒன்று சிவப்பு, ஒன்று செம்மஞ்சள். இரண்டும் சின்னன்கள்; படலைக்குள்ளால் உரசாமல் வந்தன.

"அக்கா, இது கியர். இடக்கால் கிளச்சில, வலக்கால் பிறேக்கில. எல்லாரும் ஓடுறது இதுதான். நல்ல இழுவை, எண்ணெயும் குறையக் குடிக்கும். மற்றது ஹைட்ரோ. இதுக்குக் கிளச்சைத் தேடிக்கொண்டு ஓடத் தேவையில்லை. எஞ்சின் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சில்லைத் தள்ளும். வலக்காலுக்கு ஒரே மிதி. முன்பாதத்தால அமத்தினா முன்னுக்கு, குதியால அமத்தினா பின்னுக்கு. காலைத் தூக்கினா நிக்கும்."

"காலைத் தூக்கினா நிக்குமோ?" மார்க்கண்டு சிரித்தார். "அப்ப அது தையல் மிசின் தம்பி. வீட்டுக்க வைச்சுச் சட்டை தைக்கலாம்."

"தையல் மிசினுக்கு இவ்வளவு விலை சொல்லமாட்டம் அண்ணை. உண்மையைச் சொல்லுறன், இழுவை இதுக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆழமா உழவேணும் எண்டால் கியரை எடுங்கோ."

"கேட்டீரே பிள்ளை? விக்கிறவனே சொல்லுறான்."

சறோஜினிதேவி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஒரு சாண் மண்ணுக்கு எவ்வளவு இழுவை வேண்டும் என்று மனதுக்குள் ஓடிற்று. வாய் திறக்குமுன், மார்க்கண்டு சொப்பிங் பையை அவிழ்த்து, சிவப்பு மிசினின் நாலு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சை, ஊர்ப் பேச்சில் தேசிக்காய், ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனார்.

அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "இஞ்சேருங்கோ, வாங்காத மிசினுக்கு ஆரும் தேசிக்காய் வைப்பினமே? ஏறி நசிச்சால் பிறகு திருப்பி அனுப்ப ஏலாது!"

"அதுக்குத்தான் வைக்கிறன்," என்று மெல்லச் சொன்னார் மார்க்கண்டு.

ஊர் வழக்கம் அதுதான். புது வாகனம் சில்லுக்கொரு தேசிக்காயை நசித்துக்கொண்டு முன்னே போய்விட்டால், அது அந்த வீட்டு வாகனம். அதற்குப் பிறகு அதைத் திருப்பி அனுப்புவது, வந்த லட்சுமியைப் படலைக்கு வெளியே தள்ளுவதற்குச் சமன். சறோஜினிதேவி சிவப்பு மிசினில் ஏறி அரை முழம் நகர்த்தினால் போதும், தெரிவு முடிந்துவிடும். பிறகு கால் ஏலாமல் இறங்கும்போது ஓடுவதற்கு அத்தான் இருப்பார்.

அவளுக்கு அது விளங்காமல் இல்லை. ஆனாலும் எல்லாரும் ஓடுவது கியர் என்றால், அதையே முதலில் பார்த்துவிடுவோம் என்று ஏறினாள்.

பொய்க்காலுக்குக் கண் இல்லை. கிளச் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. குனிந்து பார்த்துத்தான் வைக்கவேண்டும். வைத்தாள். அமத்தினாள். எஞ்சின் பிடித்தது. கியரைப் போட்டு மெல்ல மெல்லக் காலை விடும்படி அன்ரனிதாஸ் சொன்னான். எது மெல்ல, எது கெதி என்று பிளாஸ்ரிக் பாதத்துக்கு எப்படித் தெரியும்? பாதம் வழுக்கியது. மிசின் ஒரு துள்ளுத் துள்ளித் தேசிக்காயில் முட்டி, இருமிவிட்டு நின்றது. தேசிக்காய் சில்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் முழுசாகக் கிடந்தது.

"இன்னொருக்கா," என்றாள்.

இரண்டாம் முறை, காலைக் குனிந்து பார்த்த அவசரத்தில் கியர் மாறி விழுந்துவிட்டது. மிசின் பின்னுக்குப் பாய்ந்து கிடுகு வேலியில் போய்ச் சாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இலட்சுமிப்பிள்ளை "ஐயோ முருகா" என்று கோழிக்கூட்டடிக்கு ஓடினாள்.

"போதும் பிள்ளை, இறங்கும்," என்றார் மார்க்கண்டு. இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை. "இருக்கிற ஒரு காலையும் நீர் முறிக்கவேண்டாம். நான் உழுது தாறன். உமக்கு என்ன குறை?"

அவள் இறங்கினாள். முகத்தில் வியர்வை. அப்படியே கதிரையில் போய் இருந்திருப்பாள். ஆனால் அன்ரனிதாஸ் செம்மஞ்சள் மிசினின் எஞ்சினைப் பிடித்து, பின்னால் கொத்துக் கலப்பையைத் தூக்கிவிட்டு, ஒதுங்கி நின்றான். அது ஒரே சீராக உறுமிக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால் தேசிக்காய் இல்லை.

ஏறி இருந்தாள். இடக்காலை மடக்கி ஓரத்தில் வைத்தாள். அதற்கு அங்கே வேலையே இல்லை. வலது முன்பாதத்தை மிதியில் வைத்து, குழந்தையின் தலையைத் தொடுவதுபோல ஒரு துளி அமத்தினாள்.

நிலம் நகர்ந்தது.

அப்படித்தான் அவளுக்குப் பட்டது. துள்ளல் இல்லை, இழுப்பு இல்லை. தான் இருந்த இடத்தில் இருக்க, முற்றமும் வேப்பமரமும் பின்னே போகத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் அமத்தினாள், இன்னும் கொஞ்சம் போயின. காலைத் தூக்கினாள், எல்லாம் நின்றன. திரும்ப அமத்தினாள். எறும்பின் வேகம், ஆமையின் வேகம், ஆள் நடக்கும் வேகம்: எல்லாம் தன் ஒற்றைக் காலின் நுனியில் இருக்கிறது என்பதை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. உடம்பு சொன்னதை வேறொன்று இவ்வளவு பணிவாகக் கேட்டு எத்தனை காலம்!

"அக்கா, முற்றத்துக்க ஒரு வட்டம் போட்டால் காணும்," என்றான் அன்ரனிதாஸ்.

அவள் வட்டம் போடவில்லை. காணிக்குள் இறங்கிவிட்டாள்.

அவர்களுடைய காணி அகலம் குறைந்த நீட்டுக் காணி. வீட்டடியில் தொடங்கிக் கடற்கரை வரை போவது. பாதிக்கு அப்பால் தரைக்கு மேலெழுந்த கல்லுப் பாரும் பள்ளமும். ஊர் திரும்பிய நாளிலிருந்து அவள் அந்தப் பாதியைத் தாண்டியதே இல்லை. பொய்க்கால் கல்லிடுக்கில் மாட்டும். பாதி வரைக்கும் நடந்து, ஒரு வடலிப் பனையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டுத் திரும்புவாள். பின் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "என்ன இருக்கு, உங்கட கல்லுக்கும்பி கிடக்கு. பாம்பு குடியிருக்கு."

மிசின் அந்த வடலியைத் தாண்டியது. முதல் கல்லுப் பாரில் முன்சில்லு ஏறியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். கல்லின் மேலே அது அசையாமல் நின்றது, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருப்பது போல. பிறகு ஒரு துளி. ஏறி, இறங்கி, அடுத்த கல். பின்னால் எங்கேயோ மார்க்கண்டு "பிள்ளை! பிள்ளை! திரும்பும்!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவது கேட்டது. மிசின் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போனது. ஆனாலும் கல்லுக்குள்ளால் அந்த வயதுக்காரரால் எட்டிப் பிடிக்க ஏலவில்லை.

காணியின் முடிவு வந்தது. அவள் காலைத் தூக்கினாள்.

கும்பியென்று அவர்கள் சொன்னது வெறும் குவியல் இல்லை. எல்லையிலிருந்து எல்லைக்கு, காணியின் முழு அகலத்துக்கும், நெஞ்சளவு உயரத்தில் ஒரு நீண்ட அணை. கல் தெரியவில்லை. காற்று கொண்டுவந்த மணல் இடுக்கெல்லாம் நிறைந்து மேலும் குவிந்து, அதன்மேல் அடம்பன் கொடி ஒன்றோடொன்று பின்னிப் படர்ந்து, ஊதாப் பூக்கள் வெயிலுக்கு விரிந்து கிடந்தன.

கலியாணம் முடித்த புதிதில், இடம்பெயருவதற்கு முன், அவளும் சிவநேசனும் அடுக்கிய கல். பின்னேரங்களில் காணியில் கல் பொறுக்கிக் கடகத்தில் சுமந்து வந்து கொட்டுவார்கள். கொட்டினால் போதாதென்று அவன் அடுக்குவான். "உதென்ன, கோயில் மதிலோ கட்டுறியள்?" என்று அவள் சிரிப்பாள். "எறியிறதையும் வடிவா எறிவம்" என்பான் அவன். முழங்கால் அளவு வந்தபோது ஊரை விட்டு ஓடவேண்டி வந்தது. அவர்கள் அதை மறந்துபோனார்கள். அது அவர்களை நம்பியிருக்கவில்லை.

அவள் இருக்கையில் இருந்தபடி எட்டி அந்தப் பக்கம் பார்த்தாள். அணைக்கு அங்கால் கடல் வற்றிய தரை, உப்புப் பூத்து வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. இங்கால், சில்லுக்கு அடியில், மண் கபில நிறமாய், புல் பச்சையாய் இருந்தது. ஒரு கோடு கிழித்ததுபோல அந்தப் பக்கம் உவர், இந்தப் பக்கம் மண். முப்பது சொச்சம் மாரிக் கடலும் வந்து முட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. ஆள் இல்லாத ஊரில், ஷெல் விழுந்த ஊரில், யாரும் பார்த்திராத இரவுகளிலெல்லாம், ஒரு மனிசன் வீணென்று எறிந்த கல் அவனுடைய காணியைக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அவளுக்கு அழுகை வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தாள். பெரிய கோயிலொன்றின் கதவு திறக்கும்போது சனம் நிற்குமே, அப்படி.

மார்க்கண்டு இளைக்க இளைக்க வந்து சேர்ந்து, மிசினின் பின்சில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விசர்... விசர் வேலை பிள்ளை. விழுந்திருந்தால்..."

"அத்தான், உதைப் பாருங்கோ."

"கல்லுத்தானே. எனக்குத் தெரியாதே? நானும் உங்களோட ஒரு நாள் சுமந்தனான்."

"உங்கட பக்கத்தையும் பாருங்கோ."

அணை எல்லையோடு முடிந்திருந்தது. எல்லைக்கு அங்கால் அவருடைய காணி. கடற்தரையின் வெள்ளை அப்படியே உள்ளே நடந்து வந்து, உமரிச் சிவப்பாய்ப் பாதிக் காணி வரை போயிருந்தது. அவர் அதை எத்தனையோ தரம் பார்த்தவர். ஆனால் இரண்டு காணியையும் ஒரே பார்வையில், இந்த முனையில் நின்று பார்த்ததில்லைப் போலும். பின்சில்லை விட்டுவிட்டு எல்லை வரை நடந்தார்.

"எங்கட கல்லு வீட்டு அத்திவாரத்துக்குப் போயிட்டுது," என்றார் கடைசியில். "நான் பிறகு கீழயிருந்தும் கிண்டி எடுத்தன்."

சறோஜினிதேவி குதியால் அமத்தினாள். மிசின் அவள் நினைத்த அளவுக்குப் பின்வாங்கி, அவள் நினைத்த இடத்தில் நின்று, திரும்பியது. திரும்பும் வழியில் அவள் கொத்துக் கலப்பையை நாலு விரற்கடை மட்டும் இறக்கிவிட்டாள். பின்னால் மண் மெல்லப் புரண்டு, ஈரமில்லாத நிலத்தின் மணம் எழுந்தது. ஒரு வெள்ளைக் கல்லும் மேலே வரவில்லை. மார்க்கண்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கீறலைப் பார்த்தபடி கூடவே நடந்து வந்தார்.

முற்றத்தில் அன்ரனிதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு நின்றான். "அக்கா, நீங்கள் கடலுக்க இறங்கிப்போட்டீங்கள் எண்டு நினைச்சன். வள்ளத்துக்குச் சொல்லுவமோ எண்டு பாத்தன்."

"சிவப்பை ஏத்தும் தம்பி," என்றாள் அவள். "எனக்கு இது."

அன்ரனிதாஸ் மார்க்கண்டுவைப் பார்த்தான். மார்க்கண்டு சிவப்பு மிசின் முதலில் நின்ற இடத்துக்குப் போய், முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நாலு தேசிக்காயையும் பொறுக்கி வந்தார். செம்மஞ்சள் மிசினின் சில்லுகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார்.

வேலிச் சரிவுக்குள்ளால் இலட்சுமிப்பிள்ளை எட்டிப் பார்த்தாள். "அதில ஒண்டு அடிபட்ட காய். அதை வைக்காதேங்கோ, நான் புதுசு கொண்டாறன்."

"அடிபட்டதும் நசியும் அக்கா. இருக்கட்டும்," என்றாள் சறோஜினிதேவி. பிறகு மார்க்கண்டுவிடம், "அத்தான், உங்கட பக்கத்தையும் நானே உழுது தாறன். முதல்ல கல்லைப் பொறுக்கிக் கரைக்குக் கொண்டுபோவம், மிசினுக்குப் பின்னால பெட்டி பூட்டினால் ஏத்தலாம். ஆனா ஆழம் நான் சொல்லுறதுதான்."

"தையல் மிசினால எவ்வளவு ஆழம் உழலாம்," என்றார் மார்க்கண்டு. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஒதுங்கி வழி விட்டார்.

அவள் முன்பாதத்தை மிதியில் வைத்தாள். மிசின் அவ்வளவு மெதுவாக முன்னே வந்தது. சில்லு தேசிக்காயில் ஏறுவதை, தோல் இறுகுவதை, இறுகிய தோல் வெடிப்பதை எல்லாரும் நின்று கேட்டார்கள். முன்னால் இரண்டு. பின்னால் இரண்டு. முற்றமெல்லாம் தேசிக்காய் மணத்தது. அவள் காலைத் தூக்கவில்லை.