நூர்தீன் ஏறாத மூன்று பஸ்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு மனுவாகத்தான் பிறந்தது. பிடோக் வட்டாரத்தில் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் சுசீலா வாரம் ஒரு மாலை மக்களைச் சந்திப்பார். அங்கே மனு எழுதிக் கொடுக்கும் தொண்டூழியர்களில் ஒருவன் நான், பெயர் ரஞ்சன். மற்ற நாட்களில் சிறுகதை எழுதுகிறேன். இரண்டையும் கலக்கக் கூடாது என்பது நானே எனக்கு விதித்துக்கொண்ட விதி. அதை எத்தனை முறை மீறினேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

முதல் தொடக்கம்: 'மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில், துயரம் தோய்ந்த விழிகளுடன் ஒரு பெண்...'

(வேண்டாம். மழை பெய்யவில்லை. விழிகளில் இருந்தது எரிச்சல்.)

இரண்டாவது தொடக்கம்: சம்சுன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, எங்க பஸ் ஸ்டாப்பைக் காணோம்" என்றார்.

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

2

சாலை வேலைக்காக, அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே இருந்த நிறுத்தத்தை நானூறு மீட்டர் தள்ளி மாற்றியிருந்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அது ஐந்து நிமிட நடை. அவர் கணவர் நூர்தீனுக்கு, பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, அது வேறு ஊர். வெள்ளிக்கிழமை தவறாமல் லிட்டில் இந்தியா போய், டன்லப் தெருப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, கூட்டாளிகளுடன் தே, அதாவது தேநீர், குடித்துவிட்டு வருபவர் ஏழு வாரமாக வீட்டை விட்டு இறங்கவில்லை.

"டாக்ஸியில போகலாமே, அக்கா?"

"நீங்களே வந்து சொல்லிப் பாருங்க. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவரு லா. 'என்னை சாமான் மாதிரி பின்னாடி ஏத்தி அனுப்பப் போறியா'ன்னு கேக்குறாரு. இப்ப கூட்டாளிங்க போன் பண்ணினாலும் எடுக்குறதில்ல. சன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்குறாரு. பேச்சே குறைஞ்சுபோச்சு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் தணிந்தது. அதை நான் மனுவில் எழுதவில்லை. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

3

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சுசீலா நாடாளுமன்றத்தில் பேசுவதற்குக் குறிப்பு கேட்டார். நான் இப்படி எழுதினேன்: 'என் தொகுதியில் வசிக்கும் ஒரு மூதாட்டி, தள்ளாத வயதில்...'

சம்சுன்னிசாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. வாரம் மூன்று நாள் நீச்சல் குளத்துக்குப் போகிறவர். ஆனால் மூதாட்டி என்றால் மன்றம் உருகுமே என்று எனக்குள் இருந்த சிறுகதைக்காரன் கணக்குப் போட்டான்.

அன்று பார்வையாளர் மாடத்தில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன் பொங்கோல் வட்டாரத்து மைனாக்களின் இரைச்சல் விவாதிக்கப்பட்டது.* பிறகு சுசீலா எழுந்து, தமிழில், ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தார். அமைச்சர் "பரிசீலிக்கிறோம்" என்றார். மொத்தம் இரண்டு நிமிடம்.

(*சிரிக்காதீர்கள். மைனாக்கள் கூடும் மரத்தடியில் குடியிருப்பவருக்கு அதுதான் தேசியப் பிரச்சினை.)

வெளியே வந்ததும் சம்சுன்னிசா கேட்டார்: "யாரு தம்பி அந்த மூதாட்டி? நம்ம புளோக்கா? பாவம், அவங்களுக்கும் பஸ் ஸ்டாப் இல்லையாமே."

நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. எம்ஆர்டி ரயிலில் தள்ளிப் போய் வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். பிடோக்கில் இறங்கும்போது, "நடந்தது போதலையா உங்களுக்கு?" என்றார்.

அதன் பிறகு இந்தக் கதையில் நான் எதையும் கூட்டவில்லை. நம்புங்கள்.

4

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. புளோக்குக்கு அருகிலேயே தற்காலிக நிறுத்தம்: ஒரு கம்பம், ஒரு பெஞ்சு, மேலே சின்னக் கூரை. முதல் வெள்ளிக்கிழமைக்கு நான் இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் நூர்தீன் புன்னகையோடு கையசைத்துப் போகிறார். மற்றதில் கண்ணீர் மல்க...

(இரண்டும் சகிக்கவில்லை. அழித்துவிட்டேன்.)

அன்று நானும் அங்கே நின்றிருந்தேன். நடந்தது இதுதான். நூர்தீன் கைத்தடியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை. முதல் பஸ் வந்தது. அவர் எழவில்லை.

"ஏறலையா?" என்றார் சம்சுன்னிசா.

"பாத்தியா, எவ்ளோ தள்ளி நிறுத்துறான். நடைபாதையோட ஒட்டணும்."

இரண்டாவது பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்றார். மூன்றாவதில் பிரேக் சத்தம் சரியில்லை. ஓட்டுநர் கையை ஆட்டிக் கூப்பிட்டும், இவர் பரிசோதகர் போலத் தலையசைத்து அனுப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் நகர்ந்த பிறகே அவர் கைத்தடியின் பிடியைத் தளர்த்தியதைக் கண்டதும் அது நின்றுவிட்டது.

சம்சுன்னிசாவும் அதைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க ஓட்டுறப்ப நான் ஓடி வந்தா நிறுத்துவீங்களா?" என்று கேட்டார்.

"உனக்கு மட்டுமா? யார் ஓடி வந்தாலும் நிறுத்துவேன்."

"அப்ப பயப்படாம ஏறுங்க. உங்களுக்கும் எவனாவது நிறுத்துவான்."

நான்காவது பஸ் வந்தது. நடைபாதையை உரசாமல் ஒட்டி நின்று, ஏறுவதற்கு வசதியாக ஒரு பக்கம் தாழ்ந்தது.

"இவன் பரவாயில்ல" என்று எழுந்தார். மனைவி முழங்கையைப் பிடித்தார். "விடு" என்றார் அவர். சம்சுன்னிசா விட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க."

நான் எதிரே இருந்த கோப்பிக் கடையைப் பார்த்தேன். கதவு மூடும் சத்தம் கேட்டது. திரும்பியபோது பெஞ்சில் யாரும் இல்லை.

5

கூட்டாளிகள் என்ன சொன்னார்கள், தே எத்தனை கிளாஸ், திரும்பி வரும்போது அவர் பேசினாரா என்றெல்லாம் கேட்பீர்கள். உங்களுக்குப் பிடித்தபடி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை.