வெயில் படாத இடம்

"அத அழிச்சிட்டுச் சோத்தப் போடு." ரெங்கசாமி டிராயிங் நோட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் எறிந்தார். மருமகள் சிவரஞ்சனி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கோர்ட்டுக்குள் போட்டோ எடுக்கக் கூடாது என்பதால் கொழுந்தன் விக்ரம் மேலிருந்த கேசில் ஒவ்வொரு வாய்தாவிலும் பார்த்ததை வரைந்துவந்தாள். நேற்றுவரை வீட்டில் எல்லோருக்கும் அதில் பெருமைதான்.

இன்று வரைந்தது கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்த விக்ரமின் கை. பத்தொன்பது வயசுக் கை. மணிக்கட்டைச் சுற்றி வெயில் படாத வெள்ளைத் தடம். ஜாமீனில் வந்திருந்தவன் அங்கே கட்டியிருந்த சாதிக்கயிற்றைக் காலையில்தான் மாமியார் செவந்தி கத்தரியால் வெட்டினாள். "கேசு முடியட்டும், புதுசு கட்டிக்கலாம்" என்று வெட்டியதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினாள்.

கோர்ட்டில் விக்ரமின் வக்கீல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பஸ் சீட்டுக்காகப் பையன்கள் போட்ட சண்டையாம், சாதியே கிடையாதாம்! கூடப் படித்த சந்தோஷை, அவன் காலேஜ் போர்டில் ஒட்டிய கவிதைக்காக விக்ரமும் கூட்டாளிகளும் வெட்டினார்கள். எழுதிய கையிலேயே வெட்டினார்கள். இனி அந்த விரல்கள் பேனா பிடிக்காது. அந்தக் கவிதையைத்தான் சிவரஞ்சனி படத்துக்கு அடியில் எழுதியிருந்தாள்:

பஸ்ஸில் உன் பக்கத்தில் இடமிருந்தது.
உன் கயிற்றைப் பார்த்தேன்.
ஊர் வரைக்கும் நின்றே வந்தேன்.

இடைவேளையில் சந்தோஷின் ஆத்தா இருளாயி அதைப் பார்த்துவிட்டாள். "இத எங்களுக்குத் தாரீங்களா தாயி? எங்க வக்கீலுகிட்டக் காட்டணும்" என்றாள். அது ரெங்கசாமி காதில் விழுந்தது.

"நம்ம சோத்தத் தின்னுக்கிட்டு நம்ம பயலுக்கே குழி வெட்டுறியா? அந்த வெள்ளைய அழி."

"அழிக்க முடியாது மாமா."

"ஏன், ரப்பர் இல்லையா?"

"அந்த எடத்துல நான் பென்சிலே வைக்கல. சுத்தித்தான் தீட்டுனேன். அது வெறுந்தாளு."

"அப்பக் கருப்படிச்சு மூடு."

அவள் பென்சிலை நீட்டினாள். "நீங்களே மூடுங்க."

வாங்க நீண்ட கையிலும் அதே நிறக் கயிறு. மருமகளின் பார்வை அதில் நிற்பதைக் கண்டதும் அவர் கையை இழுத்துக்கொண்டார். சோறு ஆறிப்போனது.

மறுநாள் கோர்ட்டில் செவந்தி தன் பக்கத்தில் பையை வைத்து மருமகளுக்கு இடம் பிடித்திருந்தாள். எதிர்ப் பெஞ்சில் இருளாயி தனியாக இருந்தாள். அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

சிவரஞ்சனி நேரே போய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து அவள் மடியில் வைத்தாள்.