நல்லவளுக்குக் குறைந்த கோடு

தெசலோனிக்காவில் சாயக்கடை வைத்திருந்த திரோபிமோஸின் மாமியார் மெலித்தினே கண்ணை மூடியபோது தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது. அவள் நாக்குக்குத் தப்பியவர் யாருமில்லை. எதிர்வீட்டில் கிறிஸ்தவர்கள் கூடிப் பாடினால் போதும், மாடியிலிருந்து அவர்கள் தலையில் தண்ணீர் கொட்டும். அடக்கத்துக்கு வந்தவர்கள் மகள் ஸோசிமே, மருமகன், கழுதைவண்டிக்காரன், அவ்வளவுதான்.

ஊர் வழக்கப்படி கல்லறைக் கல்லில் 'நல்லவளே, போய் வா' என்று வெட்டச் சொன்னான் திரோபிமோஸ். சொல்லும்போதே நாக்கு கூசியது. கல்தச்சன் எபகாதோஸ் காதில் விழுந்தபடி வெட்டினான். 'நல்லவள்' என்ற கிரேக்கச் சொல்லில் ஓர் எழுத்துக்கு இரண்டு நெட்டுக்கோடும் நடுவே ஒரு குறுக்குக்கோடும் வேண்டும். அவன் ஒற்றைக் கோடு போட்டான். வாயில் இரண்டும் ஒரே ஓசைதான். கல்லிலோ 'நல்லவள்', 'கிறிஸ்துவின் ஆள்' ஆகிவிட்டாள்.

மறுநாள் கணவனும் மனைவியும் போனபோது கல்லறை நிறையப் பூ. எதிர்வீட்டுக்காரர்கள் தேம்பிக்கொண்டிருந்தார்கள். கல்லின் ஓரத்தில் யாரோ கரியால் மீன் வரைந்திருந்தார்கள்.

"அத்தைக்கு மீன் வாடையே ஆகாதேய்யா!" என்றான் திரோபிமோஸ்.

தாடிக்காரர் ஒருவர் அவன் காதோரம் குனிந்தார். "மெதுவாப் பேசுங்க தம்பி. நம்ம கிரேக்கத்துல மீனுங்கற சொல்லுக்கு அஞ்சு எழுத்து. இயேசு, கிறிஸ்து, கடவுள், மகன், மீட்பர்... ஒவ்வொண்ணுக்கும் முதல் எழுத்து. நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான் புரியும். கடைசிவரைக்கும் மறைச்சே வச்சுட்டாங்களே மகராசி!"

"நம்ம தலையில தண்ணி ஊத்துனது சும்மாவா? ஞானஸ்நானம்யா அது!" என்று இன்னொருவர் மூக்கைச் சிந்தினார்.

"அது அவரைக்காய் வேகவச்ச தண்ணிங்க" என்றான் திரோபிமோஸ். யாரும் கேட்கவில்லை.

ஸோசிமே கொதித்துப்போய்க் கல்தச்சனைக் கையோடு இழுத்து வந்தாள். "ரெண்டு கோடுதானேம்மா, சேத்துட்டாப் போச்சு" என்று அவன் உளியை எடுத்தான். அதற்குள் மற்றவர்கள் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக் கிழவி ஃபோய்பே மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா உங்க ஆளு இல்ல, பெரியம்மா. எழுத்துப் பிழை" என்றாள் ஸோசிமே.

"தெரியும்டி. எத்தனை வருசமா அவ தண்ணியில நனைஞ்சவ நான். அவ எங்க ஆளா இருந்திருந்தா நான் எப்பவோ வேற சாமி தேடிப் போயிருப்பேன்."

"அப்புறம் ஏன் அழுதீங்க?"

"மத்தவங்க நம்பிட்டு அழுதாங்க. நான் தெரிஞ்சே அழுதேன். செத்தவளுக்கு யாராவது அழணும்ல?"

தாய் செத்ததிலிருந்து ஸோசிமே ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. மெல்லக் கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எபகாதோஸ் தூசியை ஊதினான். ஃபோய்பே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நல்... ல... வளே..." நிறுத்தி, கல்லையும் ஸோசிமேயையும் மாறிமாறிப் பார்த்தாள். "அடிப்பாவி, இதுக்கு அந்தப் பிழையே தேவலையேடி! அதுல ஒரு எழுத்துதான் பொய்!"

ஸோசிமேவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று திரோபிமோஸுக்குத் தெரியவில்லை. கிழவி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.