எட்னா என்ன சொன்னாள்?

கடைசித் தாளைக் காணோம். டல்சி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஒன்றும் விழவில்லை.

சுரங்கம் மூடியபின் பிள்ளைகளோடு தவிக்கும் எட்னாவின் கதை அது. அமெரிக்காவின் கென்டக்கி மலையிடுக்கில் எல்லா வீட்டிலும் அதே கதைதான். வீட்டைக் காலி செய்யச் சொல்லி சுரங்கக் கம்பெனி ஆள் வாசலில் நிற்கிறான். எட்னா அவனை ஏறிட்டுப் பார்க்கிறாள். அதோடு தாள் போய்விட்டது. நாளை நூலகத்துப் புத்தகக்காரி குதிரையில் வந்து இரவல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அடுத்த வாரம் அதே மாதிரி ஆள் டல்சி வாசலுக்கும் வருகிறான். எட்னா என்ன சொன்னாள் என்று தெரியாமல் அவளுக்குச் சோளரொட்டி இறங்கவில்லை.

போன வாரம் புத்தகம் ஹெஸ்டர் வீட்டில் இருந்தது. டல்சி அண்டைவீட்டு ஸெல்ஃபாவையும் இழுத்துக்கொண்டு அங்கே ஓடினாள்.

"உதிர்ந்த தாளா? அதோ" என்று ஹெஸ்டர் கட்டில் தலைமாட்டைக் காட்டினாள். காற்று புகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. நடுவே அந்தத் தாள்.

"அடிப்பாவி அக்கா! கதையைச் சுவத்துல ஒட்டிட்டியே!" என்றாள் டல்சி.

"எனக்குப் படிக்கத் தெரியுமாடி? பிள்ளைங்க காதுல குளிர்காத்து அடிச்சுது, ஒட்டினேன்."

"முடிவு பின்பக்கத்துல இருக்கு!" என்றாள் ஸெல்ஃபா. "சுவத்துக்குத்தான் கதை தெரியும்."

கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி காட்டினார்கள். மாவுப்பசை இளகியது. தாளோடு பாதிச் சுவரும் உரிந்து வந்தது. டல்சி பசையை மெல்ல வழித்துவிட்டு உரக்கப் படித்தாள்.

"எட்னா ஒன்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ்வளவுதானா?" என்றாள் ஹெஸ்டர். "இதுக்கா என் சுவத்தை உரிச்சீங்க?"

"எழுதினவன் எந்த ஊரோ! நம்ம பக்கத்துப் பொம்பளை வாயை மூடிட்டு நிப்பாளா? நானா இருந்தா அவன் தாத்தாவுலேர்ந்து ஆரம்பிச்சிருப்பேன்" என்றாள் ஸெல்ஃபா.

"நான் அந்த ரொட்டியாலயே அடிச்சிருப்பேன். என் ரொட்டி பட்டா மண்டை உடையும்" என்றாள் ஹெஸ்டர்.

"அது நெசம்தான்க்கா, தின்னவளுக்குத் தெரியும்" என்றாள் ஸெல்ஃபா.

டல்சி சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலில் சாய்ந்தாள். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பேச வராதுடி. சண்டைன்னா நாக்கு ஒட்டிக்கும்."

"அப்ப நீ எட்னா மாதிரி கதவைச் சாத்திடு. நாங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கறோம்" என்றாள் ஹெஸ்டர்.

"என் மாமியாரையும் கூட்டிட்டு வரேன். அது வாயைத் தொறந்தா கம்பெனியே காலி பண்ணிட்டு ஓடும்!" என்றாள் ஸெல்ஃபா.

தாளைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, டல்சி சிரித்தபடியே உரிந்த சுவரை மறுபடி ஒட்டப் புதுப் பசைக்கு மாவு கரைக்க உட்கார்ந்தாள்.